சோத்தாங்கைப் பக்கம்

ஆடி பதினொன்று. பையர் வருகிறார்கள் என்று
திருப்பூர் அவிநாசி ரோட்டுக் கம்பெனியில்
மூன்று நாளாகச் செடிகளுக்குக்கூடக் குளியல்.
எனக்கு ஐந்து கம்பம், ஐந்து கொடி.
"கம்ப்ளையன்ஸ் புள்ளைக்குத்தான் ரூல்ஸ் தெரியும்"
என்றுவிட்டார் முதலாளி.

தெரியாது. ராத்திரி உட்கார்ந்து படித்தேன்.
நம்முடையது வலது ஓரம்.
யாருக்கு வலது?
கேட்டிலிருந்து பார்த்தால் அது இடது.
மேடை ஏறினேன், கம்பத்துக்கு முதுகு கொடுத்துக்
கேட்டைப் பார்த்துக் கையைத் தூக்கினேன்.
வாட்ச்மேன் ஆறுக்குட்டி கேட்டார்,
"ஆருக்குங்க டாட்டா காட்றீங்க?"
கொடிக்கு எது சோத்தாங்கைப் பக்கம் என்று
அதன் இடத்தில் நின்றால்தான் தெரிகிறது.

மற்றவை ஆங்கில எழுத்து வரிசையில்,
ஒரே உயரம், ஒரே அளவு, ஆளுக்கொரு கம்பம்:
பங்களாதேஷ், டென்மார்க், ஜெர்மனி, போலந்து.

"நம்ம பக்கத்துல ஆரு?"
சொன்னேன்.
மூன்று சீசனாக ஆர்டரை அள்ளிக்கொண்டு போகிற நாடு.
மூடிக் கிடக்கும் ரெண்டாவது லைனை
ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.
"தமிழ் வரிசை போடு கண்ணு.
வங்கதேசம். வானா. கடைசிக்குப் போயிருமல்லோ?"
இருபது வருஷத்தில் ஒரு செக்கில்கூடத்
தமிழில் கையெழுத்துப் போடாத மனுஷன்.
"செருமனி, டென்மார்க், போலந்து" என்று விரல் மடக்கினார்,
தனித்தமிழ் அத்தனை சுத்தமாய் வந்தது.
ரூல்ல இங்கிலீஷ்தானுங்க என்றேன்.
"செரி, நம்ம கம்பெனிக் கொடி?"
தள்ளிங்க. கொஞ்சம் தாழ்வா.
டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

வந்த கட்டைச் செக்கிங் டேபிளில் வைத்தது என் தப்பு.
தெய்வாத்தாளுக்கு எது வந்தாலும் பீஸ்தான்.
டேப்பை எடுத்து அளந்தாள்.
பச்சையில் சிவப்பு வட்டம்: நடுவில் இல்லை,
கயிற்றுப் பக்கம் தள்ளியிருந்தது.
டென்மார்க்கின் சிலுவையும் அப்படியே.
ரெண்டுக்கும் மஞ்சள் அம்பு ஸ்டிக்கர்.
"ரிஜெக்ட்டுங்க. எவன் தெச்சானோ."
போலந்து மட்டும் பாஸ்,
அதையும் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு.

காலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று.
நம் கொடி முதலில் ஏறியது, காவி மேலே, விறுவிறுவென்று.
அடுத்ததைப் பிரித்தேன். காற்று பிடுங்கியது.
தரையில் படுமுன் ஒரு கை வந்து தாங்கியது.
டாக்கா ஆபீஸ் ருமானா,
கோயமுத்தூர் விமானத்திலிருந்து
எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டவள்.
டென்மார்க்கில் உரித்துவிட்டேன், இதில் மறந்திருக்கிறேன்.
ஸ்டிக்கரைப் பார்த்தாள்.
எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.
"எங்க பேக்டரியிலயும் இதே அம்புதான்"
என்று இங்கிலீஷில் சிரித்தாள்.
உரித்துத் தன் போனின் முதுகில் ஒட்டிக்கொண்டாள்.

கயிற்றை இழுத்தேன்.
பச்சை விரிந்தது, பறக்கும் ஓரம் மடங்கி மடங்கி அடிக்க
வட்டம் நடுவுக்கு வந்துவிட்டது.
செக்கிங் ஜன்னலில் தெய்வாத்தாள்:
"அட, பறந்தாத்தான் நடுவாகுமாட்ட இருக்குது."

தெற்குப் பார்த்த கட்டடம்.
மேற்கோரக் கம்பம் நம்முடையது.
மேற்கிலிருந்து வருகிற காற்றில் பகல் முழுக்க
அது பக்கத்துக் கம்பத்தை நோக்கி
நீண்டுகொண்டே இருந்தது.
தொடவில்லை. அளந்துதான் நட்டோம்.

சாயங்காலம் மற்ற நான்கும் இறங்கிய பிறகு
நம்முடையது, கடைசியாக, மெதுவாக.
உள்ளங்கையில் கயிறு கீறிய கோடு ஒரு வாரம் இருந்தது.

அது ஆறியபின் வந்தது மெயில்:
ஆர்டரில் பாதி நமக்கு, பாதி டாக்காவுக்கு.
"ஒரே ஒசரம், ஒரே அளவு" என்றார் முதலாளி.
சிரித்தாரா என்று சொல்லத் தெரியவில்லை.
டீயை மட்டும் அன்றைக்கு
முழுசாகக் குடித்தார்.